தண்டல்காரருக்கு எந்த முகம்?

ஒரு நாவலிலிருந்து எடுக்கிற எங்கள் படத்துக்கு வடபழநியில் ஆபீஸ் போட்டு நான்கு மாதம் ஆகிறது. திரைக்கதை முடிந்தது, லொக்கேஷன் பார்த்தாயிற்று, கேமராமேனும் வந்துவிட்டார். ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வில்லனின் முகம்.

யார் நடிப்பது என்பதில் குழப்பம் இல்லை. மேடை நாடகத்திலிருந்து வந்தவர், ஐம்பதைத் தொடப்போகிறவர். சினிமாவில் இதுவரை இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நிற்கிற ஏட்டாகவே வந்திருக்கிறார். அவர் முகத்தின் மேல் எதை வைப்பது, இல்லை எதையும் வைக்காமல் விட்டுவிடுவதா என்பதுதான் கேள்வி. "நீ என்ன நினைக்கிறேன்னு எழுதிக் கொடு" என்று டைரக்டர் கேட்டார். இணை இயக்குநராக நான் எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். நாவலைப் படமாக்க உட்காருகிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

கதை நடப்பது 1980களின் ராயபுரம், காசிமேடு பக்கம். வில்லன் ஒரு தண்டல்காரர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 1,000 ரூபாய் கடன் என்று நோட்டில் எழுதுவார்கள். 150-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 850 கையில் தருவார்கள். ஒரு நாளைக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்டி முடிக்க வேண்டும். ஒருநாள் தவறினால் மறுநாள் 20. மீன் கூடை தூக்குகிற பெண்களுக்கு பேங்க் கிடையாது, இந்த நோட்டுதான் உண்டு.

நாவலில் அவருடைய இடது பாதி முகம் வெந்து சுருங்கியிருக்கும். அந்தப் பக்கக் கண் வெள்ளையாகக் கிடக்கும். உதடு மேலே இழுத்துக்கொண்டு பல் தெரியும். அவருக்குப் பத்து வயதில் அந்தத் தெருவின் குடிசைகள் ஒரே ராத்திரியில் வரிசையாக எரிந்தபோது பட்ட காயம் அது. கதையைச் சொல்வது எட்டு வயதுச் சிறுமி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பார்க்கிறவள். அவள் கண்ணில் அவர் ஒரு பூதம்.

படிக்கும்போது அந்தப் பக்கங்கள் என்னை உலுக்கின. ஆனால் எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. வர்ணனை ஒரு பாராவில் வந்துபோகும். அதற்கப்புறம் அவர் வருகிற இடங்களில் வாசகர் அந்த முகத்தைத் தனக்கு வேண்டும்போது நினைத்துக்கொள்வார், வேண்டாதபோது விட்டுவிடுவார். படத்தில் அப்படி விட முடியாது. வெந்த முகம் என்றால் இரண்டேகால் மணி நேரமும் அது திரையில் இருக்கும். முதல் காட்சியில் பார்க்கிறவர் கூசுவார், மூன்றாவது காட்சியில் பழகிவிடுவார், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போது மேக்கப் நன்றாக இருக்கிறது என்று பேசுவார். பயம் அதற்குள் போய்விட்டிருக்கும்.

எங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். நாவலில் உள்ளபடியே முழு பிராஸ்தெட்டிக், அதாவது சிலிக்கானில் வார்த்து முகத்தில் ஒட்டுகிற மேக்கப். கம்ப்யூட்டரில் செய்வது. ஒன்றுமே இல்லாத வெறும் முகம். நான்காவது, காயத்தை வைத்துக்கொண்டே அதை நிஜத்தின் அளவுக்குக் குறைப்பது.

முதல் வழியைச் சோதித்துப் பார்த்தோம். மேக்கப் அண்ணன் நடிகரின் முகத்துக்கு அச்சு எடுத்து, சிலிக்கானில் கன்னமும் புருவமும் வார்த்து, ஒரு சனிக்கிழமை காலை ஒட்ட ஆரம்பித்தார். மூன்றரை மணி நேரம். ஓரத்தைத் தோலோடு கரைத்து, மேலே சிவப்பும் பழுப்பும் மாற்றி மாற்றித் தட்டியபோது உண்மையிலேயே அபாரமாக இருந்தது. எந்த இடத்தில் தோல் முடிந்து சிலிக்கான் ஆரம்பிக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு வெள்ளை லென்ஸ். ஏசி அறைக்குள் எல்லாம் சரி. ஃபோட்டோ எடுக்க மொட்டை மாடிக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, காது ஓரத்தில் வேர்வை கோத்து ஒரு கொப்புளம் எழும்பியது. அண்ணன் ஊசியால் குத்தி வேர்வையை வெளியேற்றி, திரும்ப ஒட்டினார். "தம்பி, இதுக்கே இப்படி. அக்னி நட்சத்திரத்துல ஹார்பர்ல என்ன பண்ணப்போறோம்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். தண்டல்காரர் வருகிற காட்சிகளுக்கு 22 நாள் ஷூட்டிங். நாளைக்கு மூன்றரை மணி வைத்தால் 77 மணி நேரம் நாற்காலியிலேயே போய்விடும். கழற்றும்போது ஓரம் கிழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் புதுத் துண்டு வார்க்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும், அதைத்தான் எடுக்கப்போகிறோம். அப்படியென்றால் நடிகர் நள்ளிரவில் மேக்கப்புக்கு உட்கார வேண்டும். மூன்றரை மணிக்குக் களைத்துப்போன முகத்தோடு, ஒரு கண்ணை லென்ஸில் மறைத்துக்கொண்டு, ஈரத் தரையில் நடந்து வந்து நடிக்க வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய கஷ்டங்கள்தான். கமல்ஹாசனுக்கு 'இந்தியன்' (1996) படத்தில் மைக்கேல் வெஸ்ட்மோர் போட்ட கிழவர் முகத்தை நாம் எல்லோரும் நம்பினோம். எந்தச் சிரமமும் அந்தப் பலனுக்குத் தகும். என் தயக்கம் வேறு ஒன்றால். அன்றைக்கு நடிகர் படியிறங்கி வந்தபோது ஆபீஸ் வாசலில் டீ கொண்டுவந்த பையன் நின்று பார்த்தான். கண் விரிந்தது. அடுத்த நொடி, "அண்ணே செமயா இருக்கு, ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டா?" என்று ஓடிவந்தான். அவன் பயப்படவில்லை, ரசித்தான். முகம் முழுக்க வேலை செய்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பார்க்கிறவர்களின் மனம் வேலைப்பாட்டைத் தேடப் போய்விடுகிறது.

கூத்தில் இது குறையே இல்லை. துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது முகப்பூச்சும் கிரீடமும் புஜக்கட்டையும் அவன் யார் என்பதைத் தூரத்தில் இருப்பவருக்கும் அறிவித்துவிடுகின்றன. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அறிவிப்பு தேவை. நாடக மேடை வழியாக அது நம் சினிமாவுக்கும் வந்தது. தடித்த புருவம், கன்னத்தில் மரு, கழுத்தில் கர்ச்சீப். இன்றைய கேமராவோ முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் நிற்கிறது. தோலின் துவாரம்கூடத் தெரிகிறது. ஐம்பது அடிக்குச் செய்த முகத்தை ஓர் அடியில் வைத்தால் அது கத்தும்.

மேக்கப் எப்போது பயமுறுத்துகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் பேட்மேன் படங்களின் வில்லன் ஜோக்கர். காமிக்ஸில் இருந்து வந்த அதே பாத்திரம்தான். 1989-ல் ஜாக் நிக்கல்சன் செய்தபோது ரசாயனத்தில் விழுந்து தோல் வெளுத்துப்போனவன், முகம் கச்சிதமான வெள்ளை, சிரிப்பு நிரந்தரம். 2008-ல் ஹீத் லெட்ஜர் செய்தபோது அது வெறும் சாயம். அவனே கையால் பூசிக்கொண்டது போல ஒழுங்கில்லாமல் இருக்கிறது, நெற்றிச் சுருக்கத்தில் வெடிக்கிறது, வேர்வையில் வழிகிறது, கண்ணைச் சுற்றிக் கருப்பு கலங்குகிறது. உதட்டோரத் தழும்புகள் மட்டும் ஒட்டுவேலை. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்கிறான். ஒரு மனிதன் காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தனக்குத் தானே இதைச் செய்துகொண்டிருக்கிறான் என்ற நினைப்புதான் என் அடிவயிற்றைப் பிசைந்தது. அங்கே மேக்கப்பே கதாபாத்திரத்தின் செயல். எங்கள் தண்டல்காரருக்கு அப்படிச் சொல்ல வழியில்லை, அவர் முகத்தை அவர் செய்யவில்லை.

இரண்டாவது வழியைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். சிஜியில், அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில், பாதி முகத்தை மாற்றுவது எங்கள் பட்ஜெட்டில் கனவு. பணம் இருந்தாலும் வேண்டாம் என்பேன். ஜப்பானிய ரோபோ ஆராய்ச்சியாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதினார்: மனிதரைப் போலவே, ஆனால் முழுக்க மனிதராக இல்லாத ஒன்றைப் பார்க்கும்போது நமக்குள் ஒரு அருவருப்பான உதறல் வருகிறது. பேய்க்கும் பொம்மைக்கும் அந்த உதறல் உதவும். வட்டிக்கு விடுகிற மனிதருக்கு உதவாது. அவர் முழுக்க முழுக்க நம்மில் ஒருவர் என்பதுதான் கதையே. ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டீபன் கிங்கின் 'இட்' நாவலை 2017-ல் படமாக்கியபோது கோமாளியின் கண்கள் இரண்டும் வேறு வேறு திசையில் பார்க்கிறதை கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று இயக்குநர் யோசித்திருக்கிறார். நடிகர் பில் ஸ்கார்ஸ்கார்ட் தன் கண்ணாலேயே அதைச் செய்து காட்டிவிட்டார். சதையால் செய்ய முடிந்ததை இயந்திரத்திடம் கொடுக்காமல் விட்டது அந்தப் படத்துக்கு நல்லதாகப் போயிற்று.

ஹாரி பாட்டர் படங்களும் ஒரு பாடம் வைத்திருக்கின்றன. வில்லன் வோல்டெமார்ட்டின் மூக்கை கம்ப்யூட்டரில் அழித்தார்கள், ஆனால் புத்தகத்தில் இருக்கிற சிவப்புக் கண்ணைப் படத்தில் வைக்கவில்லை. ரால்ஃப் ஃபைன்ஸின் சொந்தக் கண்தான் பார்க்கிறது. எங்கள் வெள்ளை லென்ஸைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது இதிலிருந்துதான். நடிகரிடமிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொண்டு மிரட்டு என்று சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். வெறும் முகம். இதைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

நாவலிலிருந்து படத்துக்கு வந்த வில்லன்களில் பெரிய பெயர் எடுத்தவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். புத்தகத்தில் இருந்த விகாரத்தைப் படம் எடுத்தவர்கள் தூக்கி எறிந்திருக்கிறார்கள். தாமஸ் ஹாரிஸின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' நாவலில் (1988) மனிதரைத் தின்னும் கொலைகார டாக்டர் ஹானிபல் லெக்டருக்கு இடது கையில் ஆறு விரல், கண்ணும் சிவந்த பழுப்பு. 1991 படத்தில் ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு ஐந்து விரல்தான். தலைமுடியைப் படிய வாரிக்கொண்டு, சிறையறையின் நடுவில் கையைத் தொங்கவிட்டபடி, விருந்தாளியை எதிர்பார்த்தவர் போல நேராக நிற்கிறார், அவ்வளவுதான். ராபர்ட் பிளாக் எழுதிய 'சைக்கோ'வில் (1959) கொலையாளி நார்மன் பேட்ஸ் கண்ணாடி போட்ட, குண்டான, நடுவயது ஆள். பார்த்ததும் சந்தேகம் வரும். ஹிட்ச்காக் அடுத்த வருடமே அதைப் படமாக்கியபோது ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞராக ஆன்டனி பெர்கின்ஸை வைத்தார். சாண்ட்விச் கொண்டுவந்து கொடுக்கிற அந்தப் பையன்மேல் நமக்குப் பரிவு வந்துவிடுகிறது. அந்தப் பரிவுதான் பின்னால் நம் கழுத்தைப் பிடிக்கிறது.

நம் ஊரில் இதற்கு இன்னும் நெருக்கமான சாட்சிகள் இருக்கின்றன. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார், வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார். அதில் அஜய் கோஷ் செய்த போலீஸ் அதிகாரிக்கு முகத்தில் ஒரு கீறல் கிடையாது. தொப்பை, மீசை, வேர்வை. அடிப்பதற்குமுன் ஒரு ஆபீஸ் வேலையைத் தொடங்குகிறவர் போல நிதானமாகத் தயாராகிறார். அப்புறம் ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்து வந்த 'விடுதலை' (2023). அதில் போலீஸ் முகாமின் அதிகாரியாக வரும் சேத்தன், 'மெட்டி ஒலி' வழியாகப் பல வருடம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துபோனவர். தெரிந்த முகம். தெரிந்த முகத்திலிருந்து அந்தச் சொற்கள் வரும்போது எனக்கு நாற்காலியில் நகரத் தோன்றியது.

எங்கள் கேள்விக்கு நேராகவே பொருந்துகிற ஜோடி ஒன்று உண்டு. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலும் (2003) அதை அடிப்படையாக வைத்து பாலா எடுத்த 'நான் கடவுள்' படமும் (2009). படத்தில் பிச்சைக்காரர்களை வைத்துத் தொழில் செய்யும் தாண்டவனாக ராஜேந்திரன் வருகிறார். அதுவரை ஸ்டண்ட் கலைஞராக இருந்தவர். மொட்டைத் தலை, புருவமில்லாத முகம், கரகரத்த குரல். அது அவருடைய சொந்த முகம் என்பதால் பொய் இல்லை, முதலில் பார்த்தபோது தியேட்டரில் எல்லோரும் அடங்கிப்போனோம். சிறந்த ஒப்பனைக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாவலில் அதே தொழில் செய்கிற போத்திவேலு பண்டாரம் வேறு. அவர் குடும்பஸ்தர், முருக பக்தர், மகள்களுக்கு வரன் தேடி அலைகிறவர், செலவை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர். உடல் ஊனமுற்றவர்களை அவர் 'உருப்படி' என்கிறார். வாங்குகிறார், விற்கிறார். ஒரு குழந்தை எப்படிப் பிறந்தால் நல்ல விலை போகும் என்று கணக்குப் போடுகிறார். தான் பாவம் செய்கிறோம் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. தாண்டவனைப் பார்த்து அந்த இரண்டு மணி நேரம் பயந்தேன். பண்டாரத்தைப் படித்தபிறகு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரைப் பார்த்துப் பயந்தேன். திரையில் பண்டாரம் இதுவரை வரவில்லை என்றே நினைக்கிறேன். எங்கள் தண்டல்காரரை அந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் என் ஆசை.

இதில் என் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். அம்மா தண்டல் வாங்கியிருந்தார். சாயங்காலம் ஆறு மணிவாக்கில் சந்து முனையில் டிவிஎஸ் 50 சத்தம் கேட்டதும் அடுப்படி அமைதியாகிவிடும். வருகிறவர் வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கக்கத்தில் தோல் பை. பவுடர் வாசனை அடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். எனக்குக் கடலை மிட்டாய் தருவார். ஒருநாள்கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நோட்டைப் பிரித்து, கட்டாத நாளின் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, எழுதாமல் காத்திருப்பார். அம்மா உள்ளே போய் எதையோ எடுத்துக்கொண்டு வருவார். ஒருநாள் காதில் கிடந்த கம்மல் இல்லாமல் வந்தார். அந்த மனிதரின் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. பேனா நிப்பு காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதனால் போன வாரம் இன்னொரு டெஸ்ட் செய்தோம். நடிகருக்கு மேக்கப்பே இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, மேல் பட்டன்வரை போட்டு, பையில் பேனா. சாலிக்கிராமத்தில் ஒரு டீக்கடை. எங்கள் உதவி இயக்குநர் பெண் ஓரமாக உட்கார்ந்து கடன்காரப் பெண்ணாகப் பேச வேண்டும். கேமரா இல்லை, ஃபோன்கூட வெளியே எடுக்கவில்லை. நடிகர் வந்து எதிரில் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். அவள் தலையாட்டினாள். "புள்ளைங்க?" என்றார். நோட்டிலிருந்து நிமிரவே இல்லை. "நேத்து ஆள் இல்லையே வூட்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அவ்வளவுதான் வசனம். அந்தப் பெண் எழுதிக் கொடுத்ததைப் பேசாமல், தன்னையறியாமல் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் காசு கொடுக்கப் போனபோது மெதுவாக என்னிடம் கேட்டார்: "சார், அவரு எந்த லைனுக்கு வசூலுக்கு வர்றாரு? இங்க வேற ஆளுதான வருவாரு?" நடிப்பு என்று நான் சொன்னபிறகும் அவர் முழுக்க நம்பவில்லை. முதல் டெஸ்டுக்கு செல்ஃபி கேட்டார்கள், இரண்டாவதற்கு இந்தக் கேள்வி வந்தது. எனக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை.

சரி, அப்படியென்றால் வெறும் முகம்தான் முடிவு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். டைரக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "தீ எங்க போகும்?"

சரியான கேள்வி. நாவலில் அந்தக் குடிசைத் தீதான் எல்லாவற்றுக்கும் வேர். அந்த ராத்திரிதான் பையனுடைய அப்பாவின் வலை, படகு, பணம் எல்லாம் போகிறது. யாரும் கைகொடுக்காத அடுத்த வாரத்தில்தான் அவன் முதன்முதலில் ஒரு தண்டல்காரரிடம் கையேந்தி நிற்கிறான். முகத்திலிருந்து தழும்பை எடுத்துவிட்டால் அவர் எங்கிருந்தோ முளைத்த கெட்டவர் ஆகிவிடுவார். அது நாவலுக்குச் செய்கிற துரோகம். வெறும் முகத்தின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அது இன்று என்ன செய்கிறான் என்று காட்டும். நேற்று என்ன நடந்தது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

தழும்பை அப்படியே வைக்க எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைத் தெரியாத சென்னைக்காரர் குறைவு. ஸ்டவ் வெடித்து, சேலையில் தீ பிடித்து, குடிசை எரிந்து அங்கே போய்த் திரும்பியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருவதைப் பார்த்துப் பழகியவர்கள். வெந்த முகம் என்றால் கெட்ட மனம் என்று நாம் திரையில் திரும்பத் திரும்பச் சொன்னால் அந்தக் காலி சீட்டுக்கு நாமும் காரணம். 'ரத்தக்கண்ணீர்' (1954) மேடையிலிருந்து திரைக்கு வந்த மகத்தான நடிப்பு, எம்.ஆர். ராதாவை நான் கும்பிடுவேன். இருந்தாலும் தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாக அது காட்டியது. அது ஒரு கிருமியால் வருகிற நோய், மருந்தால் குணமாகிற நோய். 2018-ல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம், முகத் தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்குப் பணம் தர மாட்டோம் என்று அறிவித்தது. 2020-ல் ரோல்ட் டாலின் சூனியக்காரிகள் கதையைத் திரும்ப எடுத்தபோது சூனியக்காரியின் கையில் விரல் குறைத்துக் காட்டினார்கள். பிறவியிலேயே அப்படி விரல் அமைந்தவர்கள் வருத்தப்பட்டு எழுத, படத்தை எடுத்த நிறுவனமும் நடிகை ஆன் ஹாதவேயும் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. நிஜமான உடலின் வேதனையை எடுத்து மிரட்டலுக்கு உடுப்பாக மாட்டினால் அதைச் சுமக்கிறவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

இங்கேதான் நான்காவது வழி எனக்குப் பிடித்தது. முதலில் அதை ஒரு சமரசம் என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். பாதி நாவல், பாதி நிஜம், யாருக்கும் திருப்தியில்லாத ஒன்று என்று. மேக்கப் அண்ணன்தான் அதைத் திறந்துவிட்டார். அவர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: "தம்பி, தெருவே எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கு. அப்ப இவருக்கு மட்டுமா காயம்?"

அதன் பிறகு எல்லாம் இடத்துக்கு வந்துவிட்டது. தீ எல்லோரையும் தொட்டிருக்கிறது. அப்படியானால் தண்டல்காரருக்கு இடது காது மடலின் கீழ்ப்பகுதியும் கழுத்தும் மட்டும். நாற்பது வருடப் பழைய தழும்பு சிவப்பாக இருக்காது. வழவழப்பாக, மயிர் முளைக்காமல், சில இடத்தில் வெளுத்தும் சில இடத்தில் கருத்தும், தலையைத் திருப்பும்போது தோல் கயிறு போல இழுத்தும் இருக்கும். சட்டைக் காலரைப் பட்டன் போட்டால் பாதி மறைந்துவிடும். அவர் மேல் பட்டனைக் கழற்றாததற்கும் இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. சிறுமியின் அம்மாவுக்கு முழங்கையில் அதே தழும்பு. ஏலக்கடையில் கணக்கு எழுதுகிற கிழவருக்குப் புறங்கையில். டீ கொடுக்கிற ஆயாவுக்குத் தாடையில். அந்தத் தெருவின் நல்லவர், கெட்டவர், இரண்டும் இல்லாதவர் எல்லோர் மேலும் அது இருக்கும்போது தழும்பைப் பார்த்து யாரும் வில்லனைக் கண்டுபிடிக்க முடியாது. தாங்கள் பட்ட அதே தீயில் பட்டவர்தான் நோட்டைப் பிரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தும் பேனாவை எடுக்கிறார். வெந்த பாதி முகத்தைவிட இது என்னைக் கூடுதலாகக் கலங்கடிக்கிறது.

வேலைக் கணக்கிலும் இது தாங்கும். காதுக்கும் கழுத்துக்கும் சின்னத் துண்டுகள்தான், முக்கால் மணி நேரத்தில் ஒட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். முகத்தின் தசை எல்லாம் நடிகரிடமே இருக்கும். கண் இரண்டும் அவருடையது.

நாவலை நேசிக்கிறவர்கள் கோபப்படுவார்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிறுமி பார்த்த பூதம் எங்கே என்று கேட்பார்கள். அதற்காக ஒரே ஒரு ஷாட் கேட்டிருக்கிறேன். கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் பார்க்கும்போது சிம்னி விளக்கு அவருக்கு இடதுபக்கம், கீழே இருக்கட்டும். கழுத்துத் தழும்பின் நிழல் கன்னத்தில் ஏறி, கண் குழி இருண்டு, ஒரு நொடி நாவலின் முகம் தெரியட்டும். அவர் விளக்கை நகர்த்தி வைத்ததும் பழைய ஆள். கேமராமேன் முடியும் என்கிறார், கரி படிந்த நிஜ சிம்னியையே வைத்து எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்.

ஆக, என் ஓட்டு நான்காவதற்கு. அது நடக்காவிட்டால் மூன்றாவது. முதலாவதற்குத் திரும்புவதாக இருந்தால் ஹார்பர் காட்சிகளை டிசம்பருக்குத் தள்ள வேண்டும் என்பதையும் தயாரிப்பு நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன். டைரக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, அம்மா வேடம் போடுகிறவரையும் புதன்கிழமை வரச்சொல்லிவிட்டார். அவர் முழங்கைக்கும் நடிகரின் கழுத்துக்கும் ஒரே நாளில் அச்சு எடுக்கிறோம், இரண்டு தழும்பும் ஒரே தீயில் பட்டதாகத் தெரிய வேண்டும் என்பதால். நடிகருக்கு அதுவரை நான் கொடுத்திருக்கிற வேலை ஒன்றுதான். நீள நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு நூறு கட்டம் கையாலேயே கோடு போட்டு, தினமும் நிரப்பிப் பழகச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஃபோன் செய்தார். மூன்றாவது பக்கம் போய்க்கொண்டிருக்கிறதாம். ஒரு கட்டம் காலியாக விழுந்தால் கை தானாக அங்கே போய் நிற்கிறது என்றார்.